கேள்வி–பதில்: துள்ளுகிற மீன் எல்லாம் வலிப்பு மீன் அல்ல

ஜீப்ரா மீன் குஞ்சுகளில் வலிப்பை உண்டாக்கி, மூளையின் மின்துடிப்பைப் பதிவு செய்து, மருந்து தேடுகிறார்கள். இந்த ஆய்வைப் பற்றி ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே சங்கதியைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்துவிட்டோம்.

வலையின் மடியை அவிழ்த்துக் கொட்டியதும் மீன் துள்ளித் துடிக்கிறதே, அதுவும் வலிப்புதானா? மீனுக்கு வலிப்பு வருமா? (வாசகர், தங்கச்சிமடம்)

கொட்டிய மீன் துடிப்பது வலிப்பு அல்ல. அதன் மூளை ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது, தப்பிக்கப் பார்க்கிறது. மீனின் பின்மூளையில் பக்கத்துக்கு ஒன்றாக மவுத்னர் செல் என்ற பெரிய நரம்பணு உண்டு. அதிர்வோ தொடுகையோ பட்டவுடன் ஒரு பக்கத்துச் செல் ஒரு மின்துடிப்பு விடும். உடனே எதிர்ப்பக்கத்துத் தசை மொத்தமும் சுருங்கி உடல் வில்லாக வளையும். தரையில் அதுவே துள்ளலாகத் தெரிகிறது. காற்றில் செவுள் இழைகள் ஒட்டிக்கொள்வதால் மூச்சும் முட்டுகிறது.

வலிப்பு என்பது வேறு. தனித்தனியாக வேலை செய்ய வேண்டிய நரம்பணுக்கள் கூட்டமாக, ஒரே நேரத்தில், அளவு மீறி மின்துடிப்பு விடுவதுதான் வலிப்பு. அது மீனுக்கும் வரும். சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஸ்காட் பராபன் குழு 2005இல் இதை முறையாகக் காட்டியது. பென்டிலீன்டெட்ரசால் என்ற வேதிப்பொருள் கலந்த நீரில் 7 நாள் குஞ்சை விட்டால் அது மூன்று கட்டமாகப் போகிறது. முதலில் வழக்கத்தைவிட அதிகமாக நீந்தும். அடுத்து ஒரே இடத்தில் வேகமாகச் சுழலும். கடைசியில் உடல் வெட்டி இழுத்து, நிலை தப்பிப் பக்கவாட்டில் சாயும். அதோடு விடாமல், மூளைக்குள் மின்முனை வைத்து அங்கேயும் வலிப்பு அலை ஓடுவதை அந்தக் குழு பதிவு செய்தது. அந்தப் பதிவு இல்லாமல் வெறும் துள்ளலைப் பார்த்து வலிப்பு என்று யார் எழுதினாலும் நம்ப வேண்டாம். கீழே வரும் பல பதில்களும் இந்த இடத்துக்கே திரும்பி வரும்.

நம் கடலில் சூடை, காரல், விளைமீன் என்று இவ்வளவு இருக்கும்போது ஏன் அந்த ஒரு மீன்? (வாசகர், ராமேஸ்வரம்)

ஜீப்ரா மீனும் நம் நாட்டு மீன்தான். கங்கை, பிரம்மபுத்திரா பக்கத்து ஓடைகளிலும் வயல் நீரிலும் வாழும் நன்னீர் மீன், வளர்ந்தால் 3 முதல் 4 செ.மீ. முட்டை உடலுக்கு வெளியே கருவுறும். குஞ்சு கண்ணாடியாகத் தெரியும். ஆண்டு முழுதும் முட்டையிடும், மூன்று மாதத்தில் பருவத்துக்கு வரும். 2013இல் இதன் மரபணுத் தொகுப்பு முழுதாக வெளியானபோது, மனித மரபணுக்களில் சுமார் 70 சதவீதத்துக்கு இதில் குறைந்தது ஓர் இணையாவது இருப்பது தெரிந்தது.

கடல் மீன் குஞ்சுகள் பெரும்பாலும் பொரிக்கும்போது மிகச் சிறியவை. ரோட்டிபர் போன்ற நுண்ணுயிர்களை உயிரோடு கொடுத்தால்தான் பிழைக்கும். 2010இல் மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் கடல்விராலுக்குச் செயற்கையாக இனப்பெருக்கம் செய்து காட்டினார்கள். அதற்கு வேண்டியிருந்த தொட்டியும் ஆள்பலமும் மூளை ஆய்வுக்கூடத்தில் கிடைக்காது. உவர்நீரிலும் ஆய்வு செய்ய வேண்டும் என்றால் ஒரைசியாஸ் இனத்துச் சிறுமீன்கள் தோதானவை, ஆனால் அவற்றில் மரபணு மாற்றிய வகைகள் குறைவு.

மீன் அல்லாத ஒரு கடல்வாசிக்கு இந்தத் துறையில் பெரிய இடம் உண்டு. ஊசிக்கணவாய் இனத்தில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிமன் வரை உள்ள நரம்பிழை இருக்கிறது. பிரிட்டிஷ் அறிஞர்கள் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் அதற்குள் மின்முனை செருகித்தான் நரம்பில் மின்சாரம் ஓடும் கணக்கை 1952இல் எழுதினார்கள், 1963இல் நோபல் பரிசும் பெற்றார்கள்.

மீன் தின்றால் வலிப்பு வருமா? பேத்தை தின்றவருக்குக் கைகால் இழுத்தது என்கிறார்களே? (வாசகர், தேவிபட்டினம்)

மீன் தின்பதால் வலிப்பு நோய் வராது. பேத்தையில் இருப்பது டெட்ரோடோடாக்சின். நரம்பில் மின்துடிப்பு ஓட வேண்டிய சோடியம் வாயிலை அது அடைத்துவிடும், சமைத்தாலும் அழியாது. உதடு மரத்து, உடல் தளர்ந்து, மூச்சுத் தசை நின்று ஆள் போவதுதான் இதில் ஆபத்து. வலிப்பில் நரம்பு மிகையாகத் துடிக்கும், இதிலோ துடிப்பே நின்றுபோகும். ஆய்வுக்கூடத்தில் இதே நஞ்சை மிகச் சிறிய (மைக்ரோமோலார்) அளவில் விட்டு, பதிவில் தெரிந்த அலை நின்றுபோகிறதா என்று பார்ப்பார்கள். நின்றால் அது நரம்பின் துடிப்பு. நிற்காமல் ஓடினால் அது மின்கம்பியின் இரைச்சல்.

எங்கள் கல்லூரியில் ஜீப்ரா மீன் வளர்த்து 7 நாள் குஞ்சு எடுக்க வேண்டும். இங்குள்ள தண்ணீரில் முட்டைகள் வெள்ளையாகிச் செத்துப்போகின்றன. (ஆய்வு மாணவி, தொண்டி)

முதல் சந்தேகம் தண்ணீர்மேல்தான். கடற்கரை ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பும் கடினமும் கூடியது. குழாயில் வரும் காவிரிக் கூட்டுக் குடிநீரில் குளோரின் இருக்கும். இரண்டையும் நேரடியாகப் பயன்படுத்தாதீர்கள். ஆர்.ஓ. நீரை எடுத்து, அதில் உப்பை நீங்களே அளந்து சேருங்கள். பெரிய மீன் தொட்டிக்கு மின்கடத்துதிறன் 500 முதல் 1,000 மைக்ரோசீமென்ஸ், பி.எச். 7க்கும் 7.5க்கும் நடுவே, வெப்பம் 28 டிகிரி. அம்மோனியா துளியும் இருக்கக் கூடாது. வெறும் ஆர்.ஓ. நீரில் விட்டாலும் மீன் தாங்காது, பி.எச். திடீரென்று சரியும்.

முட்டைக்கு ஈ3 நீர், அதாவது உப்புகளை அளந்து கலந்த வளர்ப்பு நீர், வேண்டும். ஒரு லிட்டருக்கு சோடியம் குளோரைடு 292 மில்லிகிராம், பொட்டாசியம் குளோரைடு 12.7, இருநீரேற்ற கால்சியம் குளோரைடு 48.5, எழுநீரேற்ற மெக்னீசியம் சல்பேட் 81 மில்லிகிராம். பாட்டில் சீட்டில் எத்தனை நீரேற்றம் என்று பார்த்தபிறகு எடை போடுங்கள், நீரற்ற உப்புக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. வளர்ப்புக்கு மட்டும் என்றால் லிட்டருக்கு 60 மில்லிகிராம் கடல் உப்பு போதும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு என்பதால், வடிகட்டிக் கொதிக்க வைத்து ஆறிய கடல்நீர் 1.7 மில்லியை ஒரு லிட்டர் ஆர்.ஓ. நீரில் விட்டால் கணக்கு சரியாகிவிடும். மருந்துச் சோதனைக்கு இந்தக் குறுக்குவழி வேண்டாம், மழைக்காலத்துக் கடலும் கோடைக் கடலும் ஒரே உப்பு அல்ல.

மாலையில் அடியில் வலை போட்ட பெட்டியில் ஓர் ஆணையும் ஒன்றிரண்டு பெண்களையும் நடுவே தடுப்பு வைத்து விடுங்கள். ஆண் மெலிந்து பொன்னிறமாக இருக்கும், பெண்ணுக்கு வயிறு உருண்டிருக்கும். காலையில் விளக்கு எரிந்ததும் தடுப்பை எடுங்கள். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முட்டை வலைக்கண் வழியே கீழே விழும். வலை இல்லாவிட்டால் பெற்றவையே தின்றுவிடும். விளக்கு 14 மணி நேரம் எரிய வேண்டும், 10 மணி நேரம் அணைந்திருக்க வேண்டும். இரவுக் காவலர் டார்ச் அடித்துக்கொண்டு அறைக்குள் போனால் மறுநாள் முட்டை குறையும்.

டீ வடிகட்டியில் முட்டையை அள்ளி ஈ3யில் அலசி, 9 செ.மீ. தட்டுக்கு 50 வீதம் பிரித்து 28.5 டிகிரியில் வையுங்கள். அன்று மதியமே வெள்ளையானவற்றை எடுத்துவிட வேண்டும். நீங்கள் எழுதிய தொல்லை இங்கேதான் பெருகுகிறது: ஒரு முட்டை செத்தால் அதில் பூஞ்சை பிடித்து, மறுநாள் பக்கத்தில் உள்ளவையும் போகும். 0.1 சதவீத மெத்திலீன் நீலத்தை லிட்டருக்கு அரை மில்லி சேர்த்தால் பூஞ்சை அடங்கும். ஒளிர்வுப் படம் எடுக்கப் போகிற தட்டில் அது கூடாது, பின்னணி ஒளிர்ந்து படத்தைக் கெடுக்கும்.

33 டிகிரிக்கு மேல் கரு கோணலாக வளரும். சித்திரை, வைகாசியில் மின்சாரம் போனால் மூடிய இன்குபேட்டருக்குள் வெப்பம் எங்கே போய் நிற்கும் என்று தெரியாது. இன்வெர்ட்டரில் முதலில் இணைக்க வேண்டியது காற்றுப் பம்பு, அடுத்து இன்குபேட்டர்.

முட்டை 2 அல்லது 3 நாளில் பொரிக்கும். 5ஆம் நாள் காற்றுப்பை நிரம்பிக் குஞ்சு நிமிர்ந்து நீந்த வேண்டும். காற்றுப்பை நிரம்பாமல் அடியில் கிடப்பவற்றைச் சோதனைக்கு எடுக்காதீர்கள், அவை சாய்ந்து கிடப்பதை மூன்றாம் கட்ட வலிப்பு என்று அசைவைக் கணக்கிடும் கணினி எண்ணிவிடும். வளர்ந்த மீனுக்கு ஆர்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றுயிரைப் பொரிக்க உங்கள் ஊர்க் கடல்நீரே போதும். 28 டிகிரியில் காற்றடித்தால் ஒன்றரை நாளுக்குள் பொரித்துவிடும், நன்னீரில் அலசிப் போடுங்கள்.

குஞ்சு தயார். சோதனையை எப்படிச் செய்வது, எங்கே தவறும்? (முனைவர் பட்ட மாணவர், ராமநாதபுரம்)

96 குழித் தட்டில் குழிக்கு ஒரு குஞ்சு, 100 மைக்ரோலிட்டர் ஈ3. பிப்பெட் முனையை வெட்டி வாயை அகலமாக்கிக் கொள்ளுங்கள், ஒடுங்கிய முனை வழியே இழுத்தால் குஞ்சு நசுங்கும். மருந்து கொடுத்த குஞ்சு, மருந்து கரைக்கும் திரவம் மட்டும் கொடுத்த குஞ்சு, எதுவும் கொடுக்காத குஞ்சு என்று பிரித்து, குழுவுக்கு 12க்குக் குறையாமல் வையுங்கள். ஒரு குழுவை ஒரே வரிசையில் அடுக்கக் கூடாது. ஓரக் குழிகளில் நீர் வேகமாக ஆவியாகும், அங்கே செறிவு ஏறிவிடும். குழுக்களைக் கலைத்துப் போடுங்கள். ஒரே நாள், ஒரே பெற்றோரின் குஞ்சுகளை எல்லாக் குழுவுக்கும் பகிருங்கள். மருந்து கரைக்கும் திரவமான டி.எம்.எஸ்.ஓ. ஒரு சதவீதத்தைத் தாண்டக் கூடாது, எல்லாக் குழிகளிலும் அதே அளவு இருக்க வேண்டும்.

மருந்து ஊறிய பிறகு பென்டிலீன்டெட்ரசால். குழியில் கடைசியாக 15 மில்லிமோலார் வேண்டும் என்றால், ஏற்கெனவே உள்ள 100 மைக்ரோலிட்டர்மேல் 30 மில்லிமோலார் கரைசலில் இன்னொரு 100 விட வேண்டும். 10 மில்லிக்கு 41.5 மில்லிகிராம் கணக்கு. 15ஐயே கரைத்து விட்டுப் பாதிச் செறிவில் சோதித்து, 'மருந்து அருமையாக வேலை செய்கிறது' என்று மகிழ்ந்தவர்கள் உண்டு. ஆனால் மருந்தும் அதே நேரத்தில் பாதியாக நீர்த்திருக்கும், ஆகவே மேலே விடும் கரைசலிலும் மருந்தைச் சேர்த்துக் கொள்ளுங்கள். இந்தப் பொடி மனிதருக்கும் வலிப்பை வரவழைக்கும். கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் எடை போடாதீர்கள்.

பிறகு கேமராவின் கீழ் வைத்து நீந்திய தூரத்தையும் வேகத்தையும் பதிவு செய்யுங்கள். விளக்கு திடீரென்று அணைந்தால் மருந்தே இல்லாத குஞ்சும் பாய்ந்து நீந்தும். கதவைச் சாத்தும் அதிர்வில் மவுத்னர் செல் வேலை செய்துவிடும். காலை, மாலை நேரத்துக்கேற்பச் சுறுசுறுப்பு மாறும். ஆகவே நேரத்தை நிலையாக வையுங்கள், பதிவு முடியும்வரை யாரும் உள்ளே வரக் கூடாது.

இதைவிடப் பெரிய தவறு வேறு. மருந்து கொடுத்த குஞ்சு அசையவில்லை, ஆகவே வலிப்பு நின்றது என்று எழுதுவது. அது மயங்கியிருக்கலாம், தசை தளர்ந்திருக்கலாம், சாகக் கிடக்கலாம். இதயத் துடிப்பைப் பாருங்கள், நுண்ணிய முனையால் வாலைத் தொட்டு விலகுகிறதா என்று பாருங்கள். தேறிய மருந்தை மட்டும் அடுத்த படிக்கு, அதாவது மூளைப் பதிவுக்குக் கொண்டுபோங்கள். இந்த இரண்டாம் படி இல்லாத ஆய்வை நாங்கள் பாதி ஆய்வு என்றுதான் சொல்வோம்.

பதிவுக்குக் குஞ்சை குறைந்த வெப்பத்தில் உருகும் 1.2 சதவீத அகரோஸ் களியில் முதுகு மேலே தெரியப் பதிய வையுங்கள். அகரோஸ் சூடாக இருக்கும்போது குஞ்சை விட்டால் வெந்துவிடும், கையில் வெதுவெதுப்புத் தெரியாத அளவுக்கு ஆறட்டும். 2 மோலார் உப்புநீர் நிரப்பிய, 2 முதல் 7 மெகாஓம் மின்தடை கொண்ட கண்ணாடி முனையை, நடுமூளையில் பார்வையைக் கையாளும் பார்வை மேட்டுக்குள் இறக்குங்கள். ஒரு நொடிக்கும் குறைவாக வந்துபோகும் சிறு கூர் அலைகள், வலிப்புகளுக்கு நடுவே வரும் இடைக்காலத் துடிப்பு. பல நொடி நீண்டு, உயர்ந்து, பல முனைகளோடு வருவதே முழு வலிப்பு. இரண்டையும் தனித்தனியே எண்ணுங்கள்.

மீனை அசையாமல் நிறுத்த டிரைக்கெய்ன் மயக்க மருந்து கொடுத்துவிட்டு 'அலையே இல்லை' என்று கேட்கும் கடிதங்கள் வந்திருக்கின்றன. டிரைக்கெய்ன் சோடியம் வாயிலை அடைக்கும் மருந்து, அலை வராது. தசையை மட்டும் நிறுத்துகிற ஆல்ஃபா பங்காரோடாக்சின் மில்லிக்கு 1 மில்லிகிராம் வீதம் பயன்படுத்தலாம். இது கட்டுவிரியன் இனப் பாம்பின் நஞ்சு, மூளையின் மின்துடிப்பை அது நிறுத்தாது. இந்த வயதுக் குஞ்சு தோல் வழியாகவே ஆக்ஸிஜன் எடுத்துக்கொள்வதால் செவுள் அசையாவிட்டாலும் பிழைக்கும். திரையில் ஒழுங்காக 50 ஹெர்ட்ஸ் அலை மட்டும் ஓடினால் அது மீன் அல்ல, மின்வாரியம். நில இணைப்புகளை எல்லாம் ஒரே புள்ளியில் சேர்த்துப் பாருங்கள். உப்புக் காற்றில் இணைப்பு முனைகள் பச்சை பூத்துவிடும், அடிக்கடி சுரண்டுங்கள். வெள்ளிக் கம்பியின் குளோரைடுப் பூச்சு போனாலும் கோடு மெல்ல ஏறி இறங்கும்.

மூளை முழுவதையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியுமா? (அதே மாணவர்)

முடியும். நரம்பணுவில் கால்சியம் ஏறும்போது ஒளிரும் ஜி-கேம்ப் புரதத்தை மரபணு வழியே ஏற்றிய குஞ்சு வேண்டும். 2013இல் நரம்பியல் ஆய்வாளர் மிஷா ஆரன்ஸின் குழு மெல்லிய ஒளித்தகடு நுண்ணோக்கியால் மூளையில் 80 சதவீதத்துக்கும் மேலான நரம்பணுக்களை 1.3 நொடிக்கு ஒரு முறை படமெடுத்தது. குஞ்சின் மூளையில் சுமார் ஒரு லட்சம் நரம்பணுக்கள்தான், மனிதனிடம் 8,600 கோடி. வலிப்பு எங்கே தொடங்கி எந்த வழியாகப் பரவுகிறது என்று பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. குறையும் உண்டு. கால்சியம் ஒளிர்வு மெல்லத்தான் அடங்கும், ஆகவே அடுத்தடுத்த துடிப்புகள் ஒன்றாக மங்கிவிடும். லேசரின் நீல ஒளியும் மீனின் கண்ணில் பட்டுப் பார்வை மூளையைக் கிளறும். கண்ணைத் தவிர்த்து ஒளியைச் செலுத்துங்கள். கருநிறம் வராமல் தடுக்க 0.003 சதவீத பி.டி.யு. சேர்க்கலாம், கருவுற்று 24 மணி நேரம் ஆவதற்குள் தொடங்க வேண்டும். அது தைராய்டைத் தொடும். முடிந்தால் உடலில் நிறமில்லாத காஸ்பர் வகைக் குஞ்சை வாங்குவது மேல்.

நாங்கள் முங்கிப் பறிக்கும் பாசிக்கும் இதற்கும் தொடர்பு உண்டா? (பாசி எடுக்கும் பெண்கள் குழு, மண்டபம்)

நிறைய உண்டு. மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து எடுப்பது அகர். மேலே சொன்ன அகரோஸ், அகரின் ஒரு பகுதியைச் சுத்திகரித்தது. வலிப்பை வரவழைத்துப் பார்க்கப் பயன்படும் கைனிக் அமிலமும் 1950களில் ஜப்பானில் டைஜினியா என்ற சிவப்புப் பாசியிலிருந்து எடுக்கப்பட்டதே. அங்கே அந்தப் பாசி குடல்புழு மருந்து. அதன் நெருங்கிய உறவு டொமோயிக் அமிலம். அதைச் சில நுண்பாசிகள் உண்டாக்கும், மட்டி வழியே மனிதருக்கு வரும். 1987இல் கனடாவில் அப்படி மட்டி தின்று 100க்கும் மேற்பட்டோர் நோய்ப்பட்டார்கள், சிலருக்கு நினைவாற்றல் திரும்பவே இல்லை. நீங்கள் பறிக்கும் மரிக்கொழுந்தாலோ கட்டைக்கோரையாலோ வலிப்பு வரும் என்று பயப்பட வேண்டாம், அவை வேறு பாசிகள்.

மீன் மூளையும் நம் மூளையும் ஒன்றா? (அறிவியல் ஆசிரியர், சாயல்குடி)

இல்லை. ஆறு அடுக்குப் பெருமூளைப் புறணி மீனுக்குக் கிடையாது. முன்மூளை கருவில் உள்ளே மடியாமல் வெளியே விரிந்து வளர்கிறது. ஆனால் நரம்பணுவின் வாயில்கள், நரம்பணுவைத் தணிக்கும் காபா, தூண்டும் குளுட்டமேட் எல்லாம் பொது. பென்டிலீன்டெட்ரசால் இரண்டிலும் ஒரே காபா ஏற்பியை அடைக்கிறது, டயஸெபாம் என்ற மருந்து இரண்டிலும் வலிப்பை அடக்குகிறது. மரபணுக்கள் மீன்களின் மூதாதையில் ஒரு முறை இரட்டித்துவிட்டன. நம்மிடம் ஒன்று உள்ள இடத்தில் மீனிடம் பல நேரம் இரண்டு இருக்கும். ஒன்றைக் கெடுத்தும் மீன் நலமாக இருந்தால் மற்றது ஈடு செய்கிறது என்று அர்த்தமாகலாம்.

மீனில் கண்டுபிடித்த மருந்து எப்போது கிடைக்கும்? மகளுக்கு டிராவே என்றார்கள். (ஒரு தாய், கீழக்கரை)

டிராவே, குழந்தைப் பருவத்திலேயே தொடங்கும் கடுமையான வலிப்பு நோய், பெரும்பாலும் எஸ்.சி.என்.1.ஏ. மரபணுக் கோளாறால் வருவது. அதே கோளாறுள்ள மீனில் பராபன் குழு 2013இல் 320 வேதிப்பொருட்களைச் சோதித்து, கிளெமிசோல் என்ற பழைய ஒவ்வாமை மருந்தைப் பிடித்தது. டிராவேக்கான மருந்தாக அது இன்னும் கடைக்கு வரவில்லை. 2020இல் அமெரிக்காவில் டிராவேக்கு அனுமதி பெற்ற ஃபென்ஃப்ளூரமின் மீனில் கண்டுபிடித்தது அல்ல. பெல்ஜியத்தில் நோயாளிகளிடம் முதலில் பலன் தெரிந்தது, மீன் அதைப் பின்னால் உறுதி செய்தது. மீனிலிருந்து மாத்திரை வர ஆண்டுகள் பிடிக்கும், பல மருந்துகள் வராமலே போகும். இன்று நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: கார்பமசெபின், லாமோட்ரிஜின், ஃபெனிடாயின் போன்றவை டிராவே குழந்தைகளுக்கு வலிப்பைக் கூட்டக்கூடும். மருந்துச் சீட்டில் இவற்றில் ஏதாவது இருந்தால் நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். காய்ச்சல் வந்தால் உடனே தணியுங்கள், இந்த நோயில் சூடே வலிப்பைத் தூண்டும்.

தம்பிக்கு வலிப்பு உண்டு. கடலுக்குப் போகலாமா? வழியில் வந்தால் கையில் இரும்பு கொடுக்கலாமா? (வாசகர், பாம்பன்)

வலிப்பு அடங்கிவிட்டது என்று மருத்துவர் சொல்லாதவரை வேண்டாம். தனியாக ஒருபோதும் வேண்டாம், முங்குவது அறவே கூடாது. தங்கல் போனால், அதாவது நாள்கணக்கில் கடலிலேயே தங்கினால், தூக்கம் கெடும், மாத்திரை தவறும். இரண்டுமே வலிப்பைக் கொண்டுவரும். படகில் வந்தால் விளிம்பிலிருந்து உள்ளே இழுத்து, வலையும் நங்கூரமும் இல்லாத இடத்தில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கைகாலை அமுக்காதீர்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். இரும்பால் ஒரு பயனும் இல்லை, கூர் இருந்தால் காயம்தான். நேரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் அடுத்தது வந்தாலோ கரைக்குத் திருப்பி 108க்குச் சொல்லுங்கள்.

இதற்கெல்லாம் அனுமதி வேண்டுமா? மீனுக்கு வலிக்காதா? (வாசகர், பெரியபட்டினம்)

வேண்டும். 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தில் மீனும் விலங்குதான், நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவிடம் முன்கூட்டியே ஒப்புதல் பெற வேண்டும். ஐரோப்பாவில் தானாக உண்ணத் தொடங்கும் பருவத்திலிருந்து, ஏறத்தாழ 5ஆம் நாளிலிருந்து, குஞ்சும் சட்டத்துக்குள் வருகிறது. வலி உணரும் என்று வைத்துக்கொண்டு நடப்பதே சரி. பதிவு முடிந்ததும் குஞ்சுகளை டிரைக்கெய்ன் மிகையளவில் முடித்துவிட வேண்டும், தவிக்க விடக் கூடாது. பென்டிலீன்டெட்ரசால் கலந்த நீரைக் கழிவுக் கேனில் சேர்த்து வேதிக்கழிவு எடுப்போரிடம் கொடுங்கள், சாக்கடையில் ஊற்றாதீர்கள். மிஞ்சிய மீனை, முக்கியமாக மரபணு மாற்றியதை, ஊருணியில் விடக் கூடாது.